முதல் பரிசுக்குப் பதினொரு குறை

ஆரணி,
22-11-2001, வியாழன்.

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் திருவடிகளுக்கு, அதிலும் குறிப்பாகக் கிணற்றடியில் வழுக்கிச் சுளுக்கிக்கொண்ட வலது திருவடிக்கு, மைத்துனன் மாணிக்கவேல் விழுந்து வணங்கி எழுதுவது. இங்கே நானும் கற்பகமும் பிள்ளைகளும் இருக்க வேண்டிய விதத்தில் இருக்கிறோம். அங்கே தாங்களும் உண்ணாமலை அக்காவும் அதைவிட நன்றாக இருக்க அண்ணாமலையார் அருள் செய்ய வேண்டும். தங்கள் காலில் போட்ட கட்டைப் பிரித்தாயிற்று, கோல் ஊன்றாமல் கடைத்தெரு வரை நடக்கிறீர்கள் என்று தெள்ளாரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் சொல்லக் கேட்டு, கற்பகம் தேங்காய் உடைத்தாள்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றது. முப்பத்தைந்து வருஷம் தமிழாசிரியராக இருந்து எத்தனையோ பேச்சுப்போட்டிக்கு நடுவராக உட்கார்ந்த தாங்கள், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் போட்டிக்கு வர முடியாமல் போனதும், “என் இடத்தில் என் மைத்துனனை உட்கார வையுங்கள், அவன் எதையும் மேலோட்டமாகப் பார்க்கிறவன் இல்லை” என்று தலைமையாசிரியை கீதா அம்மாவுக்கு எழுதிப் போட்டீர்களே, அந்தப் பெரிய மனசுக்கு நான் ஏழு ஜென்மத்துக்கும் கடன்பட்டவன். இருபத்தாறு வருஷமாக நான் நெசவாளர் சங்கத்தில் பட்டுச் சேலையை விரித்துப் போட்டுக் குறை பார்க்கிறவன். என்னை எவரும் மேடைக்குக் கூப்பிட்டது கிடையாது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறவர்கள்கூட, “பொண்ணு கட்டிகினு வர்ற சேலையப் பத்தி மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க” என்று கேட்டுக்கொண்டுதான் வைக்கிறார்கள். அப்படிப்பட்டவனைத் தாங்கள் நடுவராக்கினீர்கள். அந்த நன்றிக் கடனுக்காகத்தான் போன சனிக்கிழமை நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். வேறு யாராவது தங்கள் காதில் போடுவதற்குள் நானே போட்டுவிடுவது மேல்.

தாங்கள் எனக்கு எழுதிய கார்டை ஏழெட்டுத் தடவை படித்து மனப்பாடம் செய்துகொண்டேன். “நிறையை ஊரே பார்க்கும். குறையைப் பார்க்கத்தான் நடுவர்” என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, இது நம்ம வேலைதானே என்று. சனிக்கிழமை மத்தியானம் கற்பகம் என் வேட்டிக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். அவள் போட்ட கஞ்சிக்கு, நான் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் வேட்டி உட்காரவில்லை. மேடையில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மாமா, இருபத்தாறு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா. போர்த்திய மறு நிமிஷம் அதைத் தோளிலிருந்து எடுத்து, பின்பக்கம் திருப்பி, ஓரத்தில் ஒரு இழையை உருவிப் பார்த்து, “இது பட்டு இல்லீங்க” என்று சொல்லிவிட்டேன். மைக் எனக்கு முன்னால் இருந்தது. முன்னூறு பிள்ளைகளும் சிரித்தார்கள். வாங்கிக் கொடுத்த பெற்றோர் சங்கத் தலைவர் சிரிக்கவில்லை.

நடுவர்கள் மூன்று பேர். எனக்கு இடது பக்கம் ஒரு பேங்க் மேனேஜர். வலது பக்கம் ஒரு பல் டாக்டர். தலைப்பு, ‘தொலைக்காட்சியால் மாணவர்க்கு நன்மையா, தீமையா’. மொத்தம் ஒன்பது பிள்ளைகள் பேசினார்கள். மேனேஜர் முதல் பிள்ளை பேச ஆரம்பித்ததுமே ஒன்பது பேருக்கும் பதினைந்து பதினைந்து என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டு, “பசங்க மனசு நோகக் கூடாது பாருங்க” என்று என் காதில் சொன்னார். பல் டாக்டர் எல்லோருக்கும் பதினாலு. அவர் கவனமாகத்தான் பார்த்தார், ஆனால் வாய்க்குள்ளே பார்த்தார். “அந்தப் பையனுக்கு மேல் வரிசையில ஒண்ணு சொத்தை, இன்னும் ஒரு மாசம்கூட தாங்காது” என்றார். ஆக, ஒன்பது பேர் பேச்சையும் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை கேட்டவன் அந்த மேடையில் நான் ஒருத்தன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பேஜார் அங்கேதான் ஆரம்பித்தது.

கையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். கருத்து, உச்சரிப்பு, குரல், உடல் அசைவு, நேரம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து கட்டம், கட்டத்துக்கு நாலு, மொத்தம் இருபது. எங்கள் சங்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரியும். சேலையை விரித்து முன்னும் பின்னும் பார்த்து, எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே பூ விட்டுப்போயிருக்கிறது, எங்கே கறை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி மடிப்பில் வைப்பேன். ஒன்று இரண்டு என்றால் பரவாயில்லை. ஐந்துக்கு மேல் போனால் நெய்தவர் முகம் தொங்கிப்போகும். குறையே இல்லை என்று சுழி போட்டால் அதுதான் உச்சம், அந்த நெசவாளி சீட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். தாங்களும் குறையைப் பார் என்றுதானே எழுதினீர்கள். நானும் பார்த்தேன். கட்டம் கட்டமாக எண்ணினேன். எண்ணியதை எண்ணியபடியே எழுதினேன். என்ன கெட்ட நேரமோ, ஒரு கட்டத்திலும் நாலைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் கூட்டுகிற வாத்தியாராவது என்ன சார் இது என்று கேட்டிருப்பார்.

ஆறாவதாக துர்கா என்று ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண் வந்தாள். மாமா, அப்படி ஒரு பேச்சை நான் கேட்டது கிடையாது. ஒரு சொல் தடுக்கவில்லை, ஒரு மூச்சு வீணாகவில்லை. பாட்டி வீட்டில் மெகா சீரியல் முடிகிற வரைக்கும் கணக்குப் பாடம் கதவுக்கு வெளியே நிற்கும் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள், அடுத்த வரியிலேயே சிரித்தவர்கள் எல்லோரையும் யோசிக்க வைத்தாள். மணி அடிக்க மூன்று விநாடி இருக்கும்போது நன்றி, வணக்கம் என்று இறங்கிப் போனாள். எப்படித் திருப்பிப் பார்த்தும் ஒரு இழை நெளியவில்லை. ஐந்து கட்டத்திலும் அழகாக, வட்டமாக, சுழி போட்டேன். சந்தோஷத்தில் அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

அவளுக்கு அடுத்தது கோபிநாத் என்று ஒரு பதினோராம் வகுப்புப் பையன். தொலைக்காட்சியால் தீமையே என்று பேச வந்தவன், நன்றாக ஆரம்பித்து நடுவில் மறந்துவிட்டான். மறந்ததும் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான். ஃபேனும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டான், கொடுத்தார்கள், குடித்தான், டம்ளரைக் கீழே வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே மீதியைப் பேசினான். அவனுக்குப் பதினொன்று ஆயிற்று. இப்போது தாங்களே கூட்டிப் பாருங்கள். அவனுக்குப் பதினைந்து, பதினாலு, பதினொன்று, மொத்தம் நாற்பது. துர்காவுக்குப் பதினைந்து, பதினாலு, சுழி, மொத்தம் இருபத்தொன்பது. மற்ற இரண்டு பேரும் எல்லோருக்கும் ஒரே மார்க்கைப் போட்டதால் என் தாள்தான் முடிவு சொன்னது.

நான் இதெல்லாம் தெரியாமல் மிக்சர் தின்றுகொண்டிருந்தேன். கீதா அம்மா மைக்கில் மூன்றாம் பரிசு என்று ஒரு பையன் பெயரைச் சொன்னார். நான் எட்டுக் குறை எண்ணிய பையன். சரி, கூட்டலில் ஏதோ பிசகு போல என்று நினைத்தேன். இரண்டாம் பரிசு ஒன்பது குறைப் பெண்ணுக்கு. முதல் பரிசு கோபிநாத் என்றதும் மிக்சர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எழுந்திருக்கத்தான் பார்த்தேன், மாமா. அதற்குள் கைதட்டல், ஷீல்டு, போட்டோ. பையனுடைய தாயார், சின்னம்மாள் என்று பெயர், பவர்லூமில் நூல் சுற்றுகிறவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கே ஏறி வந்து என் எதிரில் கையெடுத்துக் கும்பிட்டு, “உங்களுக்குப் புண்ணியமாப் போவட்டுங்க. இவன் வாயத் திறந்து பேசுவான்னே நான் நெனைக்கலங்க” என்றார். கண்ணில் தண்ணீர். கீழே முதல் வரிசையில் துர்கா தன் பேச்சு எழுதிய தாளை மடித்தாள், திரும்பவும் மடித்தாள், தீப்பெட்டி அளவுக்கு மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். இந்த நேரம் பார்த்து நடுவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் பேசியது இதுதான்: “எல்லாரும் பத்திரமா வூட்டுக்குப் போய்ச் சேருங்க.” தங்கள் பெயருக்கு இப்படி ஒரு களங்கம் என்னால்.

வீட்டுக்கு வந்து கற்பகத்திடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, “உங்க சங்கத்துல சைபர்னா மால போடுவாங்க. பள்ளிக்கூடத்துல அதுக்குப் பேரு முட்டை. இது தெரிய பத்தாவது பாஸ் பண்ணணுமா” என்றாள். அப்புறம், “அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு சோறு எறங்குமா” என்று மட்டும் கேட்டாள். எனக்கும் இறங்கவில்லை. முதல் பரிசு வாங்கியவர்தான் டிசம்பர் முதல் தேதி திருவண்ணாமலையில் மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும். போக வேண்டியவள் துர்கா. போகப்போகிறவன் கோபிநாத். இது தப்பு என்று தெரிந்தவர்கள் ஊரிலேயே நானும் கற்பகமும்தான்.

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னாலேயே கீதா அம்மா எதிரில் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “சார், பேரு எழுதி ஃபாரம் மேல அனுப்பியாச்சு. ஷீல்டு குடுத்தாச்சு. இப்ப வந்து தலைகீழா எண்ணிட்டேன்னு சொல்றீங்களே, யாரு கிட்ட இன்னான்னு சொல்றது? ரெண்டாவது பரிசு டிபன் பாக்ஸ். அதுல இன்னிக்கு அந்தப் பொண்ணு சோறே கட்டிகினு வந்துட்டா.” நான், “டிபன் பாக்ஸ் இருக்கட்டும்மா. குறை இருக்கிற சேலைய நல்லதுன்னு அனுப்பினாகூட கடைக்காரன் திட்டிட்டுப் போவான். நல்ல சேலையக் குறைன்னு மூலையில போட்டா நெய்தவன் அடுத்த சேல நெய்வானா? துர்காவக் கூப்பிடுங்க” என்றேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியவில்லை. சனிக்கிழமை மேடையில் வந்திருக்கலாம்.

துர்கா வந்தாள். நான்தான் சைபர் போட்டவன் என்று சொன்னதும் என் முகத்தையே பார்த்தாள். “ரெண்டு நாளா எங்க தப்பு பண்ணேன்னு தேடிகினே இருக்கேன் சார். கண்ணாடி முன்னாடி நின்னு மொத்தமா பேசிப் பார்த்துட்டேன். ஒண்ணும் தெரியல. கேக்கறவருக்குத் தெரியற தப்பு பேசறவளுக்கே தெரியலன்னா இனிமே மேடை ஏறக் கூடாதுன்னு எங்கப்பா கிட்ட சொல்லிட்டேன்” என்றாள். நான் சங்கத்துச் சீட்டு வழக்கத்தை எடுத்துச் சொல்லி, “தப்பே இல்லம்மா. இல்லாததாலதான் சைபர்” என்றேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே தாவணியால் கண்ணைத் துடைத்தாள். “அடியில கோடு வேற போட்டிருந்தீங்களாமே சார், அதான் ரொம்ப வலிச்சது” என்றாள். வயசில் மூத்தவனாக இருந்தும் அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதில் எனக்கு ஒரு குறைவும் இல்லை.

கோபிநாத்தையும் கூப்பிட்டார்கள். அவன் கொஞ்சம்கூட அதிர்ச்சி அடையவில்லை. “எனக்கு அன்னிக்கே தெரியும் சார். ஃபேனப் பார்த்துகினு நின்னதுக்கு யாராவது முதல் பரிசு குடுப்பாங்களா? சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எங்கம்மா மேடைக்கு வந்துட்டாங்க. ஷீல்ட சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சு குங்குமம் வெச்சிட்டாங்க சார். நான் குடுத்துடறேன். ஆனா அம்மா கிட்ட நீங்கதான் வந்து சொல்லணும்” என்றான். அது நியாயம்தான். ஆனால், மாமா, சங்கத்தில் எவ்வளவு பெரிய குறையையும் நெய்தவர் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழகியவன், அன்று சாயங்காலம் அந்தத் தெருவை மூன்று தடவை சுற்றினேன். மூன்றாவது சுற்றில் ஒரு நாய் என்னை அடையாளம் கண்டுகொண்டு வாலாட்டியது.

சின்னம்மாள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். முடியில் நூல் தூசி. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். சுவரில் ஒரு பலகை. அதில் முருகன் படமும், பக்கத்தில் ஷீல்டும், ஷீல்டுக்குக் கனகாம்பரமும். நான் மழையைப் பற்றிப் பேசினேன், பஸ் கட்டணத்தைப் பற்றிப் பேசினேன், வீட்டு ஓட்டைப் பற்றிப் பேசினேன். கோபிநாத்தான், “சார், சொல்லிடுங்க சார்” என்றான். சொல்லிவிட்டேன். எண்ணியது குறை, நிறை இல்லை, தப்பு என் மேல், பிள்ளை மேல் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தம்மா ஷீல்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கோபப்படுவார், அழுவார் என்று நினைத்தேன். “இன்னா இன்னா குறைங்க?” என்று கேட்டார்.

தாளில் எழுதும் முன் நான் தனிச்சீட்டில் குறித்துவைத்தது சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் படித்தேன். முதல் குறை, வணக்கம் சொல்லும்போது மேடையில் இருந்தவர்களைப் பார்க்காமல் திரைச்சீலையைப் பார்த்தது. நாலாவது, ‘பண்பாடு’ என்ற சொல்லை அவசரத்தில் விழுங்கியது. ஆறாவது தண்ணீர். “தண்ணி குடிக்கறது தப்புங்களா?” என்று கேட்டார். “குடிக்கறது தப்பில்லம்மா. டம்ளரோட கைய ஆட்டிப் பேசினான், முன்வரிசையில ரெண்டு பேரு நனைஞ்சாங்க” என்றேன். ஒன்பதாவது, “எங்கள் வீட்டில் டிவி இல்லை, அதன் தீமையைப் பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்று தீமை பேச வந்தவன் தன் கட்சியையே கைவிட்டது. அதற்கு அந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கோபிநாத்தும் சிரித்தான். பதினொன்றாவது, முடித்ததும் நன்றி சொல்ல மறந்து, மைக்குக்கு வணக்கம் வைத்தது. அதோடு சீட்டு முடிந்தது.

அந்தம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார். “மத்த ரெண்டு பேரும் இவனுக்கு எவ்ளோ போட்டாங்க?” “பதினஞ்சு, பதினாலு.” “மத்த புள்ளைங்களுக்கு?” “அதேதாம்மா. எல்லாருக்கும் அதேதான்.” “அப்படின்னா அவங்க கேக்கவே இல்ல” என்றார். “எம் புள்ள பேசினத முழுசா கேட்டது நீங்க ஒருத்தர்தாங்க. நான்கூட கேட்டதில்ல. பகல் பூரா மெஷின் சத்தம், வூட்டுக்கு வந்தாலும் காதுல அதான் ஓடிகினு இருக்கும். அன்னிக்கும் நான் வந்து சேரும்போது பரிசு குடுத்துகினு இருந்தாங்க. அவன் இன்னா பேசினான்னே எனக்குத் தெரியாதுங்க. இப்பதான் தெரிஞ்சுது.” எழுந்து போய் ஷீல்டை எடுத்தார். கனகாம்பரத்தைக் கழற்றி, குங்குமத்தைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, “அந்தச் சீட்டக் குடுத்துட்டுப் போறீங்களா?” என்று கேட்டார். கொடுத்தேன். அதைப் பிரித்தபடியே முருகன் பக்கத்தில், ஷீல்டு இருந்த இடத்தில் சாய்த்து வைத்து, அந்தக் கனகாம்பரத்தை அதற்கு வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மாமா. இருபத்தாறு வருஷத்தில் நான் எழுதிய சீட்டைக் கசக்கிப் போட்டவர்கள் உண்டு, என் முன்னாலேயே கிழித்தவர்கள் உண்டு. பூ வைத்தவர் இவர் ஒருத்தர்தான். இதைத் தங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். தாங்கள் வழுக்கி விழாமல் இருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது. தாங்கள் விழுந்ததற்கு நன்றி என்று எழுதினால் அக்கா கோபித்துக்கொள்வாள், ஆகையால் எழுதவில்லை. ஷீல்டு செவ்வாய்க்கிழமை பிரார்த்தனையில் துர்காவுக்குக் கொடுக்கப்பட்டது. கோபிநாத்தான் முதலில் கைதட்டினான். பெயரை மாற்றி மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதாக கீதா அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். இனிமேல் செத்தாலும் நடுவர் நாற்காலியில் உட்காருவதில்லை என்று நானும் கற்பகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் கால் மூப்பில்லாமல் நோவில்லாமல் நூறு வயசு வரைக்கும் எல்லா மேடைகளிலும் ஏறி இறங்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். கிணற்றடிப் பாசியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்க்கச் சொல்லவும்.

என்றும் தங்கள் ஆசிக்குக் காத்திருக்கும்,
மைத்துனன்,
மாணிக்கவேல்.

பி.கு.: வெள்ளி காலை. தபாலில் போடக் கிளம்பினவன் வழியில் கீதா அம்மாவைப் பார்த்துவிட்டு, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். துர்காவுக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் வீங்கி வாய் திறக்க முடியவில்லை, தேறப் பத்து நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். “கோபிநாத் போகட்டும், ஃபேன் இல்லாத பக்கமாப் பார்த்துப் பேசச் சொல்லுங்க” என்று தாளில் எழுதி அனுப்பியிருக்கிறாள். பெயரை மாற்றிய கடிதமோ, கிளார்க் லீவில் இருப்பதால் பள்ளிக்கூடத்தை விட்டே கிளம்பவில்லை. ஆக, திருவண்ணாமலைக்கு கோபிநாத்தேதான் போகிறான். நான் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அங்கே நடுவர் யார் என்று கேட்டேன். “உங்க மாமாதான் சார், கால் சரியாயிடுச்சாமே” என்றார் கீதா அம்மா. மாமா, பேச வருகிற பிள்ளை யாரென்றே நடுவருக்குத் தெரியக் கூடாது என்று தாங்களே கார்டில் எழுதியிருந்தீர்கள். நானோ அவன் பெயர், வகுப்பு, தாயார், அவனுடைய பதினொரு குறை எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதித் தொலைத்துவிட்டேன். வேறு கடிதம் எழுதலாம் என்றால் தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது. ஆகையால் தயவுசெய்து என் நன்றியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைப் படிப்பதற்கு முன்பே கிழித்துப் போடவும்.